‘சேமிக்கவா?’ என்று கேட்கும் பெட்டி

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் நாம் சொல்லும் அறிவுரை, அது பயன்படாமல் போன மறுநாள்தான் வாடிக்கையாளரின் காதில் விழும்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கடை வைத்திருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வரத் தொடங்கியது. வாங்கியவர்கள் அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டார்கள், சந்தனப் பொட்டு வைத்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு அருகில் போனார்கள். நகல் எடுத்து வைப்பது ஒன்றைத்தான் செய்யவில்லை. நீங்களும் செய்திருக்க மாட்டீர்கள். திரையின் மூலையில் ஒரு மஞ்சள் குமிழி எட்டிப் பார்த்து ‘பேக்கப் எடுத்து நாளாகிவிட்டது’ என்று சொல்லும்போது, ‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தானை அழுத்தாத விரல் இந்த உலகத்தில் கிடையாது. அந்த வகையில் நாம் எல்லோரும் ஒரே வார்டில் படுத்திருக்கும் நோயாளிகள்.

எந்த மென்பொருளை வாங்குவது, எதைக் கொண்டு சுத்தம் செய்வது, எதில் நகல் வைப்பது என்று ஊரே என்னிடம் கேட்டது. பெரும்பாலோர் காப்பாற்ற நினைத்தது போட்டோவையும் கணக்கையும். மேட்டுப்பட்டியில் ஒரு வீட்டில் மட்டும் காப்பாற்ற வேண்டியிருந்தது ஒரு மனிதரின் பேச்சை. முதல் இரண்டு துணுக்குகளைத் தவிர மற்றதெல்லாம் அந்த வீட்டைப் பற்றியதுதான்.

ஒரே பீரோ, இரண்டு தட்டு

பேகம்பூர் காதர் பாய் தோல் வியாபாரி. மகளின் நிக்காஹ் போட்டோக்கள் அத்தனையையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். என் வாடிக்கையாளர்களிலேயே ஒழுங்காக நகல் எடுத்தவர் அவர் ஒருவர்தான். பேக்கப் மென்பொருளைத் தானே விசாரித்து வாங்கி, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் ‘சி’யில் இருப்பதை எல்லாம் ‘டி’க்குப் பிரதி எடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஒருநாள் அவருடைய ஹார்ட் டிஸ்க் டக், டக் என்று சுவர்க்கடிகாரம் போலச் சத்தம் போட ஆரம்பித்து, பிறகு நின்றுவிட்டது. பாய் பதறவில்லை. “எல்லாம் டியில பத்திரமா இருக்கு. நீங்க சியப் புதுசா மாத்திப் போடுங்க தம்பி” என்றார்.

நான் பெட்டியைத் திறந்து, உள்ளங்கை அளவு இருந்த டிஸ்க்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, புரட்டி, பின்பக்கம் பார்த்தார். டியைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிய சற்று நேரம் ஆயிற்று. ஒரு பீரோவில் மேல்தட்டு, கீழ்தட்டு என்று இருப்பது போலத்தான் சியும் டியும். பீரோவே எரிந்துபோனால் தட்டுக்குத் தட்டு வித்தியாசம் கிடையாது என்று விளக்கினேன். நல்லவேளையாகக் கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரரிடம் நெகடிவ் இருந்தது. ஆனாலும் பாயின் கோபம் டிஸ்க்கின் மேல் இல்லை, பெயர் வைத்தவர்கள் மேல். “ரெண்டும் ஒண்ணுதான்னா எதுக்குத் தம்பி சின்னும் டின்னும் ரெண்டு பேரு வச்சானுங்க? மனுசன நம்ப வச்சுக் கழுத்தறுக்கவா?”

வண்ணச் சதுரங்கள்

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருந்த ஒருவர், மிஷின் ஆமை போல ஓடுகிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அவர் வீட்டில் நோயே வைத்தியம்தான். பத்திரிகைகளோடு இலவசமாக வந்த சிடிகளிலிருந்து துப்புரவு செய்யும் மென்பொருள், வேகம் கூட்டும் மென்பொருள், வைரஸ் பிடிக்கும் மென்பொருள் என்று எல்லாவற்றையும் போட்டுவைத்திருந்தார். ஒன்று வைத்ததை இன்னொன்று குப்பை என்று தள்ளியது. ஒன்று தூங்கினால் இன்னொன்று எழுப்பியது. மென்பொருள் தேர்ந்தெடுப்பதில் முதல் விதி, ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வைக்காதே என்பதுதான் என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தேன்.

டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் மென்பொருளில் கை வைத்ததும் தடுத்துவிட்டார். உங்களுக்கு அது நினைவிருக்கும். திரை முழுவதும் சிறுசிறு வண்ணச் சதுரங்கள். அவை ஒவ்வொன்றாக நகர்ந்து போய் வரிசையில் சேரும். தினமும் மண்டியிலிருந்து வந்ததும் டீயை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாராம். ஏற்கனவே ஒழுங்காக இருப்பதை மறுபடி ஒழுங்குபடுத்தினால் டிஸ்க் தேயத்தான் செய்யும் என்று இலக்கணம் பேசினேன். அது அவரிடம் எடுபடவில்லை. “ஏனுங்க, விடிஞ்சதுல இருந்து ஏலச் சத்தம். டிவியப் போட்டா அதுலயும் கத்தறாங்க. இது ஒண்ணுதானுங்க சத்தமில்லாம வேலை செய்யுது. இருந்துட்டுப் போவுதுங்க, விடுங்க.”

சமையலறை வாசலைப் பார்த்த திரை

மேட்டுப்பட்டி சவரிமுத்து அண்ணன் அரசாங்க அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் புற்றுநோய் வந்து, மதுரையில் அறுவை சிகிச்சை செய்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் எழுதிக் காட்டச் சொல்லி ஒரு சிலேட்டுக் கொடுத்தார்களாம். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. வேலையில் சேர்ந்த நாள் முதல் பேனா பிடித்தது சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மட்டும்தான். சிலேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். தட்டச்சு மிஷினின் அதே விசை அமைப்பில் வரும் தமிழ் எழுத்துருவை அதில் போட்டுக் கொடுத்தது நான்.

கம்ப்யூட்டரை ஹாலில், சமையலறை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். எழுத்து ஒவ்வொன்றும் நெல்லிக்காய் பருமன். ஸ்பூனால் டம்ளரில் ஒரு தட்டு தட்டுவார். அடுப்படியில் நிற்கும் ஆரோக்கியமேரி அக்கா, அவருடைய மனைவி, எட்டிப் பார்த்துத் திரையைப் படித்துவிட்டு அங்கிருந்தே பதில் சொல்வார். அக்கா வாய் மூடுவதற்குள் அண்ணனின் அடுத்த வாக்கியம் திரையில் வந்திருக்கும். நாம் பேசும் வேகத்தில் அவர் அடித்தார். பேச்சு முடிந்ததும் பக்கத்தை மூடுவார். ‘சேமிக்கவா?’ என்று ஒரு சிறிய பெட்டி வந்து கேட்கும். ‘வேண்டாம்’ என்பதை அழுத்துவார். எப்போதும் ‘வேண்டாம்’தான். ஒரு தொழிலாளியின் மனம் பதைக்காதா? “அண்ணே, ஒரு தடவையாவது சேமிச்சுப் பாருங்களேன்” என்றேன். அவர் புதுப் பக்கம் திறந்து அடித்தார்: “பேசி முடிச்ச பேச்சை எந்த மனுசன் தம்பி மடிச்சுப் பெட்டியில வச்சிருக்கான்? நீ வச்சிருக்கியா?”

மாப்பிள்ளை செய்த துப்புரவு

அவர்களுக்கு ஒரே மகள், பெங்களூரில். மாப்பிள்ளை ஸ்டீபன் அங்கே மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வந்தவர், மாமனாரின் மிஷினில் குப்பை சேர்ந்திருக்கிறது என்று அன்போடு ஒரு துப்புரவு மென்பொருளைப் போட்டார். அது கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் மூலை முடுக்கெல்லாம் தேடி, எந்தக் கோப்பிலும் பயன்படாத எழுத்துருக்களை அழிக்கும். அண்ணன்தான் எதையும் சேமிப்பதே இல்லையே. இந்த வீட்டில் தமிழில் எழுதப்பட்ட ஒரு கோப்புகூட இல்லை, ஆகவே தமிழ் தேவையில்லை என்று அது முடிவு கட்டியது. தர்க்கத்தில் பிழையே கிடையாது.

மறுநாள் காலை அண்ணன் காப்பி கேட்டு அடித்தார். திரையில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் அடைப்புக்குறியுமாக நெல்லிக்காய் பருமனில் வந்து விழுந்தது. அக்கா எனக்கு போன் செய்து, “தம்பி, அவரு என்னமோ புரியாத பாஷையில பேசுறாரு, சீக்கிரம் வாங்க” என்று அழுதார். நான் போனபோது அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டாவது முறையாக ஊமையானவரின் முகம் அது. காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் காரணம் பக்கத்து நாற்காலியில் லுங்கி கட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. என் பார்வை போன திசையைக் கண்டுகொண்ட அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய், “மாப்ள மனசு நோகாமச் சரி பண்ணுங்க” என்றார். மகளிடம் சொல்லலாமே என்றேன். “அவ சொல்லுவாளா? அப்புறம் அவுகளுக்குள்ள மொகத்தத் தூக்கிக்கிட்டுத் திரிவாக.” ஆகவே நான் ஹாலுக்கு வந்து, கரண்ட் ஏறி இறங்கியதில் எழுத்துரு போய்விட்டது என்று மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டேன். எங்கள் தொழிலில் மின்சாரத்தின் தோளில் ஏற்றாத சுமை கிடையாது. மாப்பிள்ளையும் “ஆமா, இங்க வோல்டேஜ் சரியில்ல” என்று ஆமோதித்தார்.

மாப்பிள்ளை போட்டதை மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது எடுக்க முடியுமா? முடியாது. அவர் ஊருக்குப் போகும்வரை தினமும் காலையில் அது தமிழை அழிக்கும்; நான் போய் மறுபடி ஏற்றுவேன். அவரை ரயிலேற்றிவிட்டு வந்த கையோடு அந்த மென்பொருளை நீக்கினேன். அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடித்தார்: “மாப்பிள்ளை வந்தா மாமனார் வாயடைச்சுப் போறது எல்லா வீட்லயும் உள்ளதுதான். நம்ம மாப்பிள்ளை படிச்சவரு, அதுக்கு ஒரு சாப்ட்வேரே போட்டுட்டாரு.”

கடைக்கு வந்த அக்கா

அடுத்த கோடையில் ஆரோக்கியமேரி அக்கா என் கடைக்கு வந்தார். அதுவரை மாடி ஏறியதில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மதுரை டாக்டர் சொன்னதைச் சொன்னார். நோய் திரும்பிவிட்டது. இனி வெட்டவும் முடியாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அக்கா அதைச் சொல்லும்போது அழவில்லை. மார்க்கெட்டில் ஒரு சாமான் கிடைக்கவில்லை என்பதைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு, “பேக்கப்புன்னு சொல்லுவீங்கள்ல, அது ஒண்ணு நம்ம வீட்டு மிஷினுக்கும் வேணும்” என்றார்.

“எதுக்கு பேக்கப்புக்கா? அதுல ஒண்ணுமே இல்லையே.”

“அவரு பேசுறதுக்கு.”

அக்காவே தொடர்ந்தார். “அவரு குரலு டேப்புல கூட இல்ல தம்பி. கல்யாண வீட்ல எடுத்த வீடியோவுல கூட மைக் செட் சத்தந்தான் இருக்கு. இப்பப் பேசுறதாச்சும் இருக்கட்டும். அவருக்குத் தெரியாமப் போட்டுருங்க.” தெரியாமல் போடுவது முறையில்லை, அவரைக் கேட்டுவிட்டுச் செய்வோம் என்றேன். ஒருவர் பேசுவதை அவர் அறியாமல் பதிவு செய்வதற்கும் நகல் எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் கொஞ்சம் விரித்துரைத்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். “கேட்டா வேணாம்பாரு. எதக் கேட்டாலும் மொதல்ல வேணாம்பாரு, அதான் அவரு. அந்த வேணாங்குறதையும் சேத்து வைக்கத்தான் தம்பி கேக்குறேன்.”

கார்பன் தாள்

அண்ணன் எதிரிலேயே செய்வதென்று முடிவு செய்தேன். கேட்டால் சொல்வது, கேட்காவிட்டாலும் முடிந்ததும் சொல்வது. பக்கத்தை மூடும்போது ‘சேமிக்கவா?’ என்று கேட்காமல், அன்றைய தேதியைப் பெயராக வைத்துத் தானாகவே சேமித்துக்கொள்ளும்படி ஒரு சிறு கட்டளையை எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் எனக்குப் பின்னால் நாற்காலியில். எனக்கு நிரல் தெரியும். அவருக்கு ஆபீஸ் தந்திரம் தெரியும். தோளில் தட்டி என்னை எழுப்பிவிட்டு, என் இடத்தில் உட்கார்ந்து அடித்தார்: “எனக்குத் தெரியாம கார்பன் வைக்கிறியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படி வாசலிலிருந்து அக்கா, “நாந்தான் வைக்கச் சொன்னேன்” என்றார். பிறகு நடந்ததை நான் நடுவில் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் குரல், ஒரு பக்கம் விசைப்பலகையின் சத்தம்.

“எதுக்கு?”

“எனக்கு வேணும்.”

“காப்பி, கஞ்சி, ஃபேனு. இதுல வைக்க என்ன இருக்கு?”

“அதான் வேணும்.”

“உன்னத் திட்டுனதெல்லாம் இருக்குமே மேரி.”

“திட்டுனதும் வேணும். நல்லதா மட்டும் எடுத்து வச்சா அது வேற யாரோ. அப்படி ஒரு ஆளோட நான் குடித்தனம் பண்ணல.”

அண்ணனின் விரல்கள் நின்றன. அந்த வீட்டில் பேச்சு நின்றால் அப்படித்தான் தெரியும். ஜன்னலுக்கு வெளியே பழைய இரும்பு வாங்குகிறவர் கூவிக்கொண்டு போனார். அக்கா அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. பிறகு அவர் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் பார்த்ததில்லை. “வச்சுக்க. ஆனா நான் இருக்கிற வரைக்கும் அதத் திறந்து படிக்கக் கூடாது. இருக்கிறப்ப என்கிட்டயே கேளு.”

திறக்கக் கூடாத நகல்

இனி மென்பொருள் விஷயம். பேக்கப் மென்பொருள்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் அள்ளித் தனக்கு மட்டும் புரியும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். பிறகு அதை அவிழ்க்க அதுவேதான் வரவேண்டும், நாளைக்கு அந்த நிறுவனம் கடையைச் சாத்தினால் மூட்டையும் அப்படியே கிடக்கும். இன்னொன்று, கோப்பைக் கோப்பாகவே இன்னொரு இடத்தில் வைக்கும். அலங்காரம் இல்லாத இந்த இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். காதர் பாயை நினைத்துக்கொண்டு, பெட்டிக்குள் தனியாக இரண்டாவது டிஸ்க் ஒன்றை மாட்டி அதில் நகல் விழச் செய்தேன். அதுவும் போதாது, வீட்டுக்கு வெளியே ஒரு நகல் இருக்க வேண்டும் என்பது சாஸ்திரம். ஆகவே அவ்வப்போது நான் சிடியில் எழுதிக் கொடுக்க, அக்கா அதைக் கொடைரோட்டில் இருக்கும் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைப்பது என்று ஏற்பாடு.

எல்லாம் சரி. ஆனால் நகலெடுக்கும் கலையில் இன்னொரு விதி இருக்கிறது: திறந்து சோதித்துப் பார்க்காத நகல், நகலே அல்ல. இந்த வீட்டில் திறக்கக் கூடாது. திறந்தால் கண் படும், படிக்கும். கோப்பு இருக்கிறது, அளவு இருக்கிறது, தேதி இருக்கிறது. உள்ளே தமிழ் இருக்கிறதா, வெறும் கட்டங்கள் இருக்கின்றனவா என்று தெரியாது. பின்னால் ஒருநாள் அக்கா அதைத் திறந்து, ஒன்றுமில்லாமல் போனால் என்ன செய்வேன் என்ற நினைப்பு என்னை வாட்டியது. ஒரே ஒரு கோப்பை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேனே என்று அக்காவிடம் கேட்டேன். மறுத்துவிட்டார். “சொன்ன சொல்லு சொன்னதுதான் தம்பி. திறந்து பாக்காம நம்புறதுக்குத்தான ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வாரோம்.”

கொடைரோட்டுத் திராட்சை

வேறொரு வேலையாகக் கொடைரோடு போயிருந்தேன். அக்காவின் தங்கை கணவர் அந்தோணிக்கு ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டம். வந்ததுதான் வந்தோம், சிடிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போவோம் என்று அந்தப் பக்கம் நடந்தேன். தூரத்திலேயே தோட்டம் மின்னியது. பந்தல் நெடுகக் கம்பியில் நூல் கட்டி, வட்ட வட்டமாக ஏதோ தொங்கிக் காற்றில் சுழன்றது. குருவிகளை விரட்ட எங்கள் பக்கத்தில் பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். பக்கத்தில் போய் ஒன்றைப் பிடித்து நிறுத்தினேன். அதில் என் கையெழுத்தில் தேதி இருந்தது.

எழுதும் சிடியின் மேற்பூச்சு வெயிலுக்கு ஆகாது. கறிவேப்பிலை காய்கிற மாதிரி காய்ந்துவிடும். அண்ணனின் பேச்சு முழுவதும் பந்தலில் சுழன்றுகொண்டிருந்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தோணி வாய்க்காலிலிருந்து ஏறி வந்து, “பழைய பாட்டு சிடின்னு நெனச்சேன் தம்பி. ஆனா நல்ல சிடி. ஒரு குருவி அண்டல” என்றார். இரண்டாவது டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் மறுபடி புதிய சிடிகளில் எழுதி, உறையின் மேல் கொட்டை எழுத்தில் ‘குருவிக்கு அல்ல’ என்று குறித்தேன்.

அண்ணனிடம் இதைச் சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்தேன். அக்காவுக்கு மறைக்கத் தெரியாது. அப்போது அண்ணன் மிகவும் இளைத்திருந்தார். விசைப்பலகையை மடியில் தலையணை மேல் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அக்கா சொல்லச் சொல்ல அவர் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிறவரைப் பார்த்தால் முதலில் அழுகை என்றுதான் தோன்றும். பிறகு அடித்தார்: “நான் பேசுனத மதிச்சு ஒரு குருவியாவது ஒதுங்கியிருக்கு. ஆபீஸ்ல ஒருத்தன் ஒதுங்கல.”

முப்பதாம் நாளுக்குப் பிறகு

அண்ணன் மழைக்காலத்தில் போனார். முப்பதாம் நாள் பூசை முடிந்து, உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டார். திரை இன்னும் அடுப்படி வாசலைப் பார்த்தே இருந்தது. நான் உட்கார்ந்து டிஸ்க்கைத் திறந்தேன். தேதி தேதியாகக் கோப்புகள். முதல் கோப்பின் மேல் அம்பை வைத்துவிட்டு, அதை அழுத்தாமல் கொஞ்சம் தாமதித்தேன். இத்தனை காலமும் யாரும் திறந்து பார்க்காத நகல். “திறங்க தம்பி” என்றார் அக்கா. திறந்தேன். நெல்லிக்காய் பருமனில் தமிழ் வந்தது.

“காப்பில சீனி இல்ல.”

“வேணாம்.”

“அத நேத்தே சொல்லிட்டேன்.”

“சிரிக்காத.”

“யாரு வந்தது?”

“அவன் கெடக்கான், நீ சாப்பிடு.”

அடுத்தது, அதற்கடுத்தது என்று திறந்துகொண்டே போனேன். எல்லாம் இருந்தது. ஒன்றுகூடக் கெடவில்லை. ஆனால் திறக்கத் திறக்க எனக்கு வேறொன்று உறைத்தது. அக்கா பேசியது வாயால். அக்கா பேசிய எதுவும் இதில் ஏறியிருக்காது. ஒரு பக்கக் கேள்வி, ஒரு பக்கப் பதில். எதற்கு ‘வேணாம்’, எதைக் கேட்டு ‘சிரிக்காத’ என்று யாருக்கும் விளங்காது. நகலெடுக்கும்போது இதை யோசிக்கவேண்டியவன் நான் அல்லவா என்று மனம் சங்கடப்பட்டது. “அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறவரைக்கும் நீங்க சொன்னதையும் இடையில இடையில அடிச்சுச் சேத்துரலாமா? முழுசா இருக்கும்” என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அடுப்படி வாசலுக்குப் போய், எப்போதும் நிற்கும் இடத்தில் நிலையில் கை வைத்து நின்றுகொண்டார். திரையில் அப்போது இருந்தது ஒரே ஒரு சொல்: “மழையா?” அக்கா அதைப் படித்தார். “இல்ல, பக்கத்து வீட்ல மோட்டாரப் போட்டுட்டு டேங்க் நெறஞ்சது தெரியாம இருக்காக” என்று சாதாரணமாகச் சொன்னார். அடுத்த வரிக்குப் போகும்படி எனக்குக் கையைக் காட்டினார். போனேன். அதற்கும் பதில் சொன்னார். ஒரு வரிக்குச் சிரித்தார். ஒரு வரிக்கு “இப்ப இப்படிச் சொல்லுவீக, அப்புறம் ராவெல்லாம் இருமுவீக” என்று கடிந்துகொண்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் கேட்டதற்குப் பதில் சொன்னார். “என் பாதி என்கிட்ட இருக்கு தம்பி. அதுக்கு மிஷினு வேணாம், நீங்க அவரத் தள்ளிக்கிட்டே வாங்க.”

நான் போட்டுக்கொடுத்த பேக்கப்புகளில் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் திரும்பி வந்தது அது ஒன்றுதான், அதிலும் பாதிதான் இருந்தது.